செக்ரோலில் ஏறாத கல்யாணம்

விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவலில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் வக்கீல். பெண்ணின் பங்கு எவ்வளவு, அது யார் பேரில் இருக்கும், அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் யாருக்குப் போகும் என்பதெல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் மற்றது. தாக்கரே, டிராலப், டிக்கன்ஸ் எல்லோரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். ஆனாலும் பணத்தாசை, சூழ்ச்சி, கல்யாணம் மூன்றையும் ஒன்றாக முறுக்கியதில் வில்கி காலின்ஸின் ‘தி உமன் இன் ஒயிட்’ நாவலை மிஞ்ச ஆளில்லை. 1859 நவம்பரில் டிக்கன்ஸின் வார இதழில் தொடங்கி 1860 ஆகஸ்டில் முடிந்த தொடர்கதை அது. அதை வைத்துக்கொண்டு கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் கல்யாண வரலாற்றை அணுகலாம் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அங்கே இருபதாயிரம் பவுன். இங்கே லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை, அதுவும் கம்பெனிக்குச் சொந்தம். சொத்தே இல்லாத இடத்தில் சொத்துக்கான சூழ்ச்சிக்கு என்ன வேலை? நாவலைக் கவனமாகப் படித்தால், பணத்துக்கும் அடியில் அங்கே பதிவேடு ஒன்று இருப்பது தெரியும். யார் யாருக்கு மனைவி, யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதும் பேனா எவர் கையில் இருக்கிறதோ, அவர் பக்கம் லாபம் சாய்கிறது. கெடாவில் அந்தப் பேனா தோட்டத்து ஆபீசில் இருந்தது. கல்யாணத்தைப் பொறுத்தவரை அதை எழுதாமல் வைத்திருந்ததில்தான் தோட்டம் லாபம் கண்டது என்பது என் வாதம்.

முதலில் நாவல். லாரா ஃபேர்லி தகப்பனில்லாப் பெண். இறப்பதற்கு முன் தகப்பன் விரும்பி முடித்த சம்பந்தம் என்பதால் சர் பெர்சிவல் கிளைட் என்ற கடன்காரக் கனவானுக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அவள் பிள்ளையில்லாமல் கணவனுக்கு முன்பே இறந்தால் இருபதாயிரம் பவுன் மொத்தமும் அவனுக்கே என்று ஒரு ஷரத்தைப் பெர்சிவலின் தரப்பு கேட்கிறது. குடும்ப வக்கீல் கில்மோர் கூடாது என்கிறார். முடிவு சொல்ல வேண்டியவர் லாராவின் சித்தப்பா ஃபிரெடரிக் ஃபேர்லி. நரம்புத் தளர்ச்சிக்காரர், ஓவியச் சேகரிப்பில் மூழ்கியவர்; ‘என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற மட்டில் ஷரத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறார். கல்யாணத்துக்குப் பின் பெர்சிவல் ஒரு பத்திரத்தைக் கொண்டு வந்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து வைத்து, போடு என்கிறான். படிக்காமல் போட மாட்டேன் என்கிறாள் லாரா. அந்த வழி அடைபட்டதும் இன்னொரு வழி திறக்கிறது. லாராவைப் போலவே முகவெட்டுள்ள ஆன் கேத்தரிக் என்ற பெண் லாராவின் பெயரில் செத்துப் புதைக்கப்படுகிறாள். உயிரோடிருக்கும் லாரா ஆனின் பெயரில் மனநோய் விடுதிக்குப் போகிறாள். கல்லறையில் பெயர் வெட்டியாகிவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவள் கல்லறைக்குப் பக்கத்தில் வந்து நின்றாலும் சட்டத்தின் முன் அவள் இல்லை. பெர்சிவலின் சொந்த ரகசியமும் பதிவேட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அவனுடைய தாய்தந்தையர் முறைப்படி மணந்தவர்கள் அல்லர். பட்டமும் நிலமும் கைவிட்டுப் போகாமலிருக்க, பழைய வெல்மிங்ஹாம் மாதாகோயில் கல்யாணப் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் அவர்கள் கல்யாணத்தை நெருக்கி எழுதிச் செருகிவிட்டான். நோல்ஸ்பரியில் வேறொருவர் வைத்திருந்த நகலில் அதே இடம் வெறுமையாக இருக்கிறது. கதை முழுவதும் அந்த வெற்றிடத்தைத் தேடித்தான் ஓடுகிறது. என் கணக்கில் இந்த நாவலின் பெரிய குற்றவாளி பெர்சிவலோ அவனுக்கு மூளையாக இருந்த கவுண்ட் ஃபோஸ்கோவோ அல்ல, சித்தப்பா ஃபேர்லிதான். அவர் பொய் எழுதவில்லை, பூட்டை உடைக்கவில்லை. பொறுப்புள்ள நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவே.

கற்பனைக் கதையை வரலாற்றுக்கு அளவுகோலாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காலின்ஸ் வக்கீல் தொழிலுக்குப் படித்து 1851இல் தகுதி பெற்றவர், தொழில் செய்யவில்லை. கதைக் கருவையும் பிரெஞ்சு வழக்குத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தார். ஆகவே சட்டம் எங்கே ஓட்டை என்று தெரிந்தவர் எழுதிய கதை இது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது நிகழ்ச்சிகளை அல்ல, கேள்வியை மட்டும்: பதிவு யார் கையில், நகல் எங்கே, கண்ணை மூடிக்கொண்டவருக்கு என்ன கிடைத்தது?

இனி கெடா. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்த மாநிலம். எல்லைக்கு அந்தப் பக்கம், வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே இருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது, ரப்பர் எழும்பியது, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோலக்கெட்டில் என்று தெற்குக் கெடா முழுவதும் பால்மரக் காடாயிற்று. தோட்டங்களின் பெயர்களே ஒரு வேடிக்கை: விக்டோரியா, ஹென்ரியெட்டா, டப்ளின், ஹார்வர்ட். ஹென்ரியெட்டா என்றால் ஏதோ நாவலின் நாயகி போலிருக்கும். அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் குடியிருந்த சனங்களை எந்த விக்டோரியா நாவலும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் பெரும்பாலும் கங்காணி. ஊருக்குப் போய்ச் சாதிசனத்தில் ஆள் பிடித்து, நாகப்பட்டினத்திலோ சென்னை ஆவடியிலோ இருந்த டிப்போவில் ஒப்படைத்துக் கப்பலேற்றுவார். 1907இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டதால், காகிதத்தில் அந்த ஆள் கடனில்லாமல்தான் பினாங்கில் இறங்கினார். கங்காணிக்கு வந்த வருமானமோ இரண்டு வழி: பிடித்து வந்த ஆளுக்குக் கமிஷன், அந்த ஆள் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், நின்று வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. இந்த இரண்டாவது வருமானத்தைக் கவனியுங்கள். ஆள் ஓடிப்போனாலோ, பக்கத்துத் தோட்டத்துக்கு மாறினாலோ, மனமொடிந்து வேலைக்கு வராமல் கிடந்தாலோ, நஷ்டம் அவருக்கு.

இந்த இடத்தில்தான் கல்யாணம் காசாகிறது. தொடக்கப் பத்தாண்டுகளில் தோட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதையொட்டிய விதிகள் தனி ஆண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. மலாயா முதலாளிகளுக்காக அந்த வரம்பு தளர்த்தப்பட்டுக்கொண்டே இருந்தது. தனியாக வந்த பெண்ணைக் கப்பலேற்ற டிப்போ அதிகாரிகள் தயங்கினார்கள். தம்பதி என்றால் கேள்வி குறைவு. விளைவு, டிப்போக் கல்யாணங்கள். கப்பலேறும் வரைக்கும், அல்லது ஏறிய பின்பும் கொஞ்ச காலத்துக்கு, கணவன் மனைவி என்று பெயர் கொடுத்து நின்ற உறவுகள். அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ என்ற நூல் மலாயாவுக்கு வந்த கூலிப் பெண்களின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து திரட்டுகிறது. இந்த ஏற்பாடுகளும் அதில் வருகின்றன. இதில் யாரையும் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். ஊரில் புருஷனை இழந்தவளுக்கும் சாதிக்கு வெளியே மனம் வைத்தவனுக்கும் அது தப்பிக்கும் வாசலாகவும் இருந்திருக்கும். ஆனால் அதிகாரிக்கு ஒரு தம்பதி என்ற பதிவு கிடைத்தது, கங்காணிக்கு இரண்டு தலை கிடைத்தது, தோட்டத்துக்கு இரண்டு கூலி கிடைத்தது. அந்த இருவரின் கையில் மட்டும் கல்யாணத்துக்கான காகிதம் எதுவும் இல்லை.

தோட்டம் எழுதத் தெரியாத இடம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து அங்கே அமோகம். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் ஆபீஸ் எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி, அரைநாளுக்கு இன்னொன்று. பால் நிறுத்து எழுதுவார்கள், கட்டிப்பால் தனிக் கணக்கு. கடைப்பற்று, அரிசிப் பிடித்தம், முன்பணப் பிடித்தம், ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் எல்லாம் ஏறும். சம்பளத்தன்று கைநாட்டு. செக்ரோல் என்ற அந்த வருகை, கூலிப் பதிவேட்டில் பெண்ணின் பெயர் தனி வரியில் இருந்தது. ஆணைவிடக் குறைந்த கூலியில்தான், ஆனாலும் அவள் பேரில். இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்த காசு அவளுக்கே சொந்தம் என்று சொல்ல 1870 வரை சட்டம் காத்திருந்தது. முழுச் சொத்துரிமைக்கு 1882 ஆயிற்று. அந்த அளவில் பாடாங் செராயில் பால்மரம் சீவிய பெண், கூலியாள் என்ற முறையில், லாரா ஃபேர்லியைவிடத் தெளிவாகப் பதிவானவள். மனைவி என்ற முறையில்தான் அவள் எங்கேயும் இல்லை. ஓர் அவுன்ஸ் கட்டிப்பால் தப்பாமல் எழுதிய ஆபீஸ், லயத்தில் நடந்த கல்யாணத்தை எழுதக் கடமைப்பட்டதாக நினைக்கவில்லை. அது ‘அவர்கள் வழக்கம்’. ஃபிரெடரிக் ஃபேர்லியின் நாற்காலி இங்கே துரையின் பங்களாவில் இருந்தது.

சொத்தில்லாத இடத்தில் சூழ்ச்சி எதற்கு என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சொத்து இல்லைதான், ஆனால் உழைப்பு இருந்தது, அறை இருந்தது, கடன் இருந்தது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். வேலை செய்ய முடியாத பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை என்பது, செக்ரோலில் பெயருள்ள யாரோ ஒருவரின் உறவாக இருப்பது. ஆகவே கைவிடப்பட்ட பெண் அடுத்த துணையைத் தேடியதில் ஆசைக்கு எவ்வளவு பங்கு, கூரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. கல்யாணச் செலவுக்குக் கங்காணி கொடுத்த கடன் மணமக்களை அந்தத் தோட்டத்திலேயே கட்டிப்போட்டது. பட்டணத்துக் கதை வேறு. சுங்கை பட்டாணியிலும் அலோர்ஸ்டாரிலும் கிராணி, வாத்தியார், கடைக்காரக் குடும்பங்கள் நகையும் ரொக்கமும் பேசித்தான் பெண் கொடுத்தன. அது காலின்ஸின் உலகத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் புரிந்துகொள்வதும் எளிது. தோட்டத்தில் பேரம் பேசப்பட்டதாகவே தெரியாது. லாபம் பெற்றவர் பந்தலில் தாய்மாமன் போல நின்று ஆசீர்வாதம் செய்துகொண்டிருப்பார்.

எழுதாமல் விட்டதற்கு ஓர் எல்லை இருந்தது. மனைவி கிளம்பிப் போய்விட்டால் மட்டும் சட்டத்துக்குக் கண் திறந்தது. மெக்காலேயின் வரைவிலிருந்து பிறந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது, காலின்ஸின் நாவல் புத்தகமாக வந்த அதே ஆண்டு. அதன் 498ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியை ஆசை காட்டி அழைத்துப் போவது குற்றம் என்றது. நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியது. காலப்போக்கில் மலாயா முழுவதற்குமான தண்டனைச் சட்டத்திலும் அந்தப் பிரிவு நிலைத்தது. புகார் சொல்லக் கணவனுக்குத்தான் உரிமை, மனைவிக்குக் கிடையாது. பதிவே இல்லாத கல்யாணத்தை இப்படிப்பட்ட வழக்கில் எதைக் கொண்டு நிரூபிப்பது? சாட்சி சொல்லத் தோதானவர் கங்காணி, அல்லது ஊரிலிருந்து கூட வந்தவர், அல்லது கிராணி. அவர் ‘ஆமாம், தாலி கட்டினான்’ என்றால் கல்யாணம் உண்டு; ‘எனக்குத் தெரியாது’ என்றால் இல்லை. நோல்ஸ்பரி நகல் போல ஒத்துப்பார்க்க வேறொன்றும் கிடையாது. ஓடிப்போன இருவரும் வேறொரு கங்காணியின் கூட்டத்துக்குப் போயிருந்தால் அந்தச் சாட்சியின் சொந்த நஷ்டமும் அதில் கலந்திருக்கும்.

இங்கே தத்தாவின் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு எழும்: இந்தப் பெண்களை வெறும் பகடைக்காயாகப் பார்க்கிறாய், அவர்கள் சூழ்நிலை பார்த்து முடிவெடுத்தவர்கள், பிடிக்காதவனை விட்டுப் போனவர்கள், நீதிமன்றத்தில் தங்களுக்கு வேண்டிய கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள். ஒத்துக்கொள்கிறேன், பெண்கள் குறைவாக இருந்த இடத்தில் அவர்களுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது. பதிவில்லாத கல்யாணம் அவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. லாராவைப் போல ஒரு கையெழுத்தில் ஆயுள் முழுக்கச் சிக்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் இளமையும் உடம்பில் தெம்பும் இருக்கும் வரைக்கும்தான் செல்லுபடியானது. பிள்ளை பிறந்த பிறகு, புருஷன் செத்த பிறகு, தோட்டம் விற்ற பிறகு, காகிதமில்லாமை அவளுக்கு எதிராகவே திரும்பியது. அவள் ஒரு நாள் ஓடியதும் இன்னொரு நாள் மாட்டிக்கொண்டதும் ஒரே வெற்றிடத்தின் இரண்டு பக்கங்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. காகிதம் எதற்கு, ஊர் அறியத் தாலி கட்டினால் போதாதா? மாரியம்மன் கோயில் இருந்தது, பஞ்சாயத்து இருந்தது, மொய் நோட்டு இருந்தது, நாலு லயத்துச் சனம் சாப்பிட்ட நினைவு இருந்தது. உண்மைதான். தோட்டம் தோட்டமாக இருந்த வரை அந்த நினைவு பதிவேட்டைவிடப் பலமானது. தங்கள் சமூகத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்தும் தெம்பும் கெடாத் தோட்டச் சனங்களுக்கு இருந்தது. போருக்குப் பின் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து இறங்கியது அதற்குச் சாட்சி. 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையின் கெடுபிடியில் அது நசுக்கப்பட்டது. ஆனால் ஊர் நினைவு ஊர் கலையும்போது கூடவே கலைந்துபோகும். முதலில் ஜப்பானியர் காலத்தில் கலைந்தது. சயாம் பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழருக்கு அப்படி இல்லை. போனவன் வராமல் போனால் அவன் மனைவி சுமங்கலியா விதவையா என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. லாரா உயிரோடிருந்தும் செத்ததாக எழுதப்பட்டாள். இவன் செத்தும் எழுதப்படவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும் சுங்கை பட்டாணிக்காரரான கோ. புண்ணியவானின் ‘கையறு’ நாவலிலும் அந்தக் காலம் இருக்கிறது. மலேசியத் தமிழ் நாவல் அரசாங்கப் பதிவேட்டின் வேலையைச் செய்ய நேர்ந்த இடங்கள் அவை. பிறகு 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. அதன்பின் செம்பனையும் வீடமைப்பும் லயங்களை விழுங்கின. கல்யாணத்துக்குச் சாட்சியாக இருந்தவர்கள் எந்த ஊர் அடுக்குமாடியில் இருக்கிறார்களோ.

சட்டம் வந்து சேர்ந்தது தாமதமாக. 1952இல் ஒரு சிவில் திருமணச் சட்டம் இருந்தது. விரும்பினால் பதியலாம், அவ்வளவே. 1976இல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்க்கு ஒருதார மணமும் பதிவும் கட்டாயமாயின. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்களைப் பதிவானதாகவே கருதலாம் என்று அந்தச் சட்டம் பெருந்தன்மையாகச் சொல்கிறது. நடந்ததை நிரூபிப்பது உங்கள் பாடு. நிரூபிக்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பது கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 17ஆம் பிரிவில் இருக்கிறது. முறைப்படி மணக்காத பெற்றோரின் பிள்ளைக்கு, குடியுரிமை விஷயத்தில், தகப்பன் என்று வரும் இடமெல்லாம் தாய் என்று கொள்ள வேண்டும். தகப்பன் குடிமகனுக்குரிய நீல ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருந்தாலும், தாய் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐ.சி. வைத்திருந்தாலோ எதுவுமே இல்லாமலிருந்தாலோ, பிள்ளை தாயின் வரிசையில் நிற்கும். அப்படிப் பிறந்தவனின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறுவதற்கும் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். 2011இல் அரசாங்கம் இந்தியர்களுக்காக ‘மை டாஃப்தார்’ என்று ஓர் இயக்கம் நடத்தி ஆவணமில்லாதவர்களை வரச் சொன்னது. சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அதற்கு அவசியம் இருந்தது. பெற்றோரின் கல்யாணம் பதிவாகாததால் பெர்சிவல் கிளைட்டுக்குப் போக இருந்தது பட்டமும் பண்ணையும்; அவன் ஒரு வரியைச் செருகிச் சமாளித்தான். கெடாவில் அதே குறைக்குப் பிள்ளையிடமிருந்து பறிபோவது நாடு.

பதிவே காப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டால், காலின்ஸின் நாவலே அதற்கு மறுப்பு. அங்கே சூழ்ச்சி முழுவதும் பதிவுகளின் வழியாகத்தான் நடக்கிறது: ஷரத்து, மடித்த பத்திரம், செருகிய வரி, கல்லறைப் பெயர். எழுதப்பட்டது பொய்யாக இருக்கலாம். ஆனால் பொய்யாக எழுதிய வரியை இன்னொரு ஊரில் இன்னொருவர் காப்பில் இருந்த நகல் காட்டிக்கொடுத்தது. தோட்டத்தில் இருந்தவை எல்லாம் ஒற்றைப் பிரதிகள், எல்லாம் ஒரே ஆபீசில். கைநாட்டு வைத்தவரிடம் நகல் இல்லை, இருந்தாலும் படித்துச் சொல்ல வேண்டியவர் அதே கிராணி. அதனால்தான் தோட்டக் கல்யாண வரலாற்றை எழுத வருகிறவர்கள் செக்ரோலோடு நின்றுவிடாமல், தோட்டத்துக்கு வெளியே தங்கியவற்றைத் தேட வேண்டியிருக்கிறது: மாஜிஸ்திரேட் கோர்ட்டுப் புகார்கள், கோயில் கணக்குகள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள். பள்ளிப் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற கட்டம் ஒன்று உண்டு. அங்கே வாத்தியார் கேட்டதை எழுதினார், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

1860இன் அந்த 498ஆம் பிரிவை மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பர் 15 அன்று ரத்து செய்தது. கணவன் மட்டும் புகார் சொல்லலாம், மனைவி சொல்ல முடியாது என்பது, ஆண் பெண் வேறுபாடு கூடாது என்னும் அரசமைப்பின் 8ஆம் பிரிவுக்கு விரோதம் என்பது காரணம். மனைவியை இன்னொருவன் கொண்டுபோகக் கூடிய பொருளாகப் பார்த்த சட்டம் இவ்வாறு போயிற்று. பிள்ளையைத் தகப்பன் கணக்கிலிருந்து நீக்கும் 17ஆம் பிரிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.